ஹெட்டருக்கு 'சீப்பு'ன்னு வச்சா ஒத்துக்குவீங்களா?

வணக்கம். கம்ப்யூட்டர் தாய்ப்பலகையில (மதர்போர்டு) ஒயர் மாட்டறதுக்குன்னு ஊசி ஊசியா நிக்குமே, அந்த ஹெட்டருக்குத் தமிழ்ல என்ன சொல்லலாம்னு பேசினப்போ நேத்து தலைப்பி, ஊசித்தொகுதின்னு ரெண்டு சொல் வந்துச்சு, ரெண்டுமே எனக்கு ஒட்டல. தலைப்பின்னா பக்கத்துக்கு மேல வர்ற தலைப்புன்னுதான் தோணும், ஊசித்தொகுதியில பொருள் தப்பில்ல, ஆனா ஸ்க்ரூடிரைவரும் கையுமா கேஸுக்குள்ள தலைய விட்டுக்கிட்டு இருக்கறவன் "ஊசித்தொகுதியில மாட்டுடா"ன்னு சொல்லுவானான்னு யோசிங்க.

ஜூன் லீவுல என் பையன் இங்க சிங்கப்பூர்ல எலக்ட்ரானிக்ஸ் கடைங்க இருக்குற சிம் லிம் ஸ்குவேர்ல கம்ப்யூட்டர் பார்ட்ஸ் வாங்கிட்டு வந்து ஹால்ல தரையில பரப்பிட்டான், நான் டார்ச் புடிக்கிற வேலை. முன்பக்க யூஎஸ்பி 3 ஒயர் இருக்குல்ல, தடி ஒயரு, சொருகியும் பெருசு, அத இவன் கொஞ்சம் சாய்ச்சு அழுத்திட்டான். "ப்பா, ஒரு பல்லு வளைஞ்சிருச்சு"ன்னு கத்துறான். அந்த ஊசிக்கு, அதாவது இங்கிலீஷ் 'பின்'னுக்கு, அவனுக்குத் தமிழ்ல வேற வார்த்தை தெரியாது, வாயில வந்தது பல்லு. ட்வீசர வச்சு மெதுவா நிமித்தி மாட்டினோம், வேலை செய்யுது, அது இருக்கட்டும், எனக்கு அந்தப் பல்லுதான் மண்டையில நின்னுச்சு. பல்லு இருந்தா அது சீப்புதானே?

ரெண்டு வரிசையா இருக்கறத எப்படி சீப்புன்னு சொல்றதுன்னு கேப்பீங்க. தேக்கா மார்க்கெட்டுல வாழைப்பழம் வாங்கும்போது பாருங்க, ஒரு சீப்புல பழம் ரெண்டு அடுக்காதான் இருக்கும். கம்ப்யூட்டருக்குள்ள சுத்துற விசிறிக்கு வர்றது ஒத்தை வரிசை, அது தலைவாருற சீப்பேதான்.

இதுல எனக்கு ரொம்பப் புடிச்சது பொக்கை, அதாவது பல்லு இல்லாத இடம். யூஎஸ்பி 2 ஹெட்டர்ல 10 பல்லுக்கு இடம், இருக்கறது 9. ஒரு துறைக்கு (போர்ட்) 4 ஒயர்னு ரெண்டு துறைக்கு 8 போயிடும், ஒண்ணு சும்மா நிக்கும், மிச்சம் ஒரு இடம் காலி. யூஎஸ்பி 3ல 20க்கு 19. திருப்பி மாட்டிறக் கூடாதுன்னுதான் அந்தக் காலி இடம், சொருகியில அதுக்கு நேரா ஓட்டை அடைச்சிருக்கும். ஆடியோவுக்கும் அதே 9 பல்லுதான் ஆனா பொக்கை வேற இடத்துல, அதனாலதான் ஒண்ணோடது இன்னொண்ணுல ஏறாது. இத இங்கிலீஷ்ல கீ பின்னுங்கறாங்க, நாம சாவின்னு மொழிபெயர்த்து உக்காந்தா யாருக்கும் புரியாது, பொக்கைன்னா சின்னப் புள்ளைக்கும் புரியும்.

விசிறிச் சீப்புல பொக்கை இல்ல, பக்கத்துல ஒரு பிளாஸ்டிக் நாக்கு நீட்டிக்கிட்டு இருக்கும். 4 பல்லு: தரை (கிரவுண்டு), 12 வோல்ட், சுத்துற வேகத்தச் சொல்றது, வேகத்தக் கட்டுப்படுத்துறது. 3 ஓட்டை விசிறியையும் அதுலயே மாட்டலாம், நாக்கு இருக்கறதால சரியா உக்காரும், நாலாவது பல்லு வெளிய நிக்கும், பயப்பட வேணாம். ஆனா சில பலகையில பயாஸ்ல (கம்ப்யூட்டரோட அடிப்படை செட்டிங்ஸ்) டிசி மோடுக்கு, அதாவது வோல்டேஜ வச்சு வேகத்தக் கட்டுப்படுத்துற முறைக்கு, மாத்தலன்னா அது எப்பவும் முழு வேகத்துலதான் சுத்தும், நம்ம ஊரு வெக்கைக்கு அதுவும் நல்லதுதான்னு விட்டா ராத்திரி சத்தம் தாங்காது, ரெண்டு நாள் பாத்துட்டுத்தான் மாத்தினோம்.

துறைய இதோட குழப்பிக்காதீங்க. வெளிய தம்ப் டிரைவ் போடுற இடம் துறை, உள்ள பலகையில நிக்கிறது சீப்பு, நடுவுல ஒயர், ஒயர் முனையில சொருகி.

ஒரு சிக்கல் இருக்கு, நானே சொல்லிடறேன். சிப்பும் அதே பலகையில இருக்கு, வேகமா பேசினா சிப்பு சீப்பு ரெண்டும் ஒண்ணாக் கேக்கும். சிப்புக்கு சில்லு ஏற்கனவே இருக்குன்னாலும் பேச்சுல அத எத்தனை பேரு சொல்றாங்க? அதனால முள்சீப்புன்னு நீட்டலாமா, இல்ல யூஎஸ்பி சீப்பு, விசிறிச் சீப்புன்னு முன்னாடி ஒண்ணு சேத்தே சொன்னாப் போதுமா? எனக்கு ரெண்டாவதுதான் சரின்னு படுது. வேணாம்னு சொல்றவங்க பொக்கையையாவது விட்டுறாதீங்க.