புதுப்பிப்பு: அஸ்டெக் சாயல் ஜாகுவார் வீரன் ஓவியம் முடிந்தது

ஃபேன்டஸி நாவல் அட்டைக்கு ஜாகுவார் வீரன் (பழைய மெக்சிகோவின் அஸ்டெக் படையில் ஜாகுவார் வேடம் பூண்ட வீரன்) வரைகிறேன், எதை வரலாற்றுப்படி வைப்பது, எங்கே கற்பனையை அவிழ்த்துவிடுவது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. அட்டை ஓகே ஆகிவிட்டது.

கைகொடுத்தது, "மெண்டோசா சுவடியைப் பாருங்கள்" என்ற யோசனைதான். அது அஸ்டெக் வாழ்க்கையைப் படங்களில் காட்டும் ஏடு; 1540களில் மெக்சிகோவில் வரைந்தது, இப்போது ஆக்ஸ்ஃபோர்டின் போட்லியன் நூலகத்தில் இருக்கிறது. எதிர்பாராத விஷயம்: நாலு பேரைச் சிறைபிடித்த ஜாகுவார் வீரன் அதில் போட்டிருப்பது உரித்த தோல் இல்லை. உடம்போடு ஒட்டிய, இறகு பதித்த முழு உடுப்பு. தலைக்கவசத்தின் பிளந்த வாய்க்குள் முகம். வெறும் மார்பு, தோளில் தோல் என்ற வழக்கமான போஸைவிட இதுதான் மிரட்டல்.

ஆயுதம், "மக்குவாவிட்டில்" என்ற அஸ்டெக் வாள். மரக்கட்டையின் விளிம்புகளில் அப்சிடியன் (எரிமலைக் கண்ணாடி) சில்லுகள். சில்லுகள் ஒளிர்வது மட்டும் என் கைச்சரக்கு.

பின்னணிக்குச் சிலர் சொன்ன சிச்சேன் இட்சாவை எடுக்கவில்லை, அது அஸ்டெக் நகரம் இல்லை, மாயர்கள் என்ற வேறு இனத்தாருடையது. பதிலாக அஸ்டெக் தலைநகரின் பெரிய கோயிலான டெம்ப்ளோ மாயோர், உச்சியில் இரட்டைக் கோயில். கல்லைச் சாம்பல் நிறத்தில் விடாமல் வண்ணம் பூசினேன். பதிப்பகத்தில் "இவ்வளவு கலரா?" என்றார்கள். 2006இல் அங்கே கிடைத்த ட்லால்டெகுட்லி என்ற பூமித் தெய்வத்தின் சிற்பத்தில் இன்னும் சிவப்பும் காவியும் ஒட்டியிருக்கும் படத்தை அனுப்பினேன், ஒப்புக்கொண்டார்கள்.