பழைய 50 எம்எம் மாட்டினால் ஷட்டர் விழவில்லை, அவசரம்

முத்துநகர்_செல்வா: ஞாயிறு தங்கை நிச்சயதார்த்தம், நான்தான் படம் எடுக்கிறேன். புதுசின் விலைக்குப் பயந்து பழைய நிக்கான் 50 எம்எம் லென்ஸ் வாங்கினேன். கேமராவில் எஃப்இஇ (FEE) என்று பிழைக்குறி மின்னுகிறது, பட்டனை அழுத்தினால் ஒன்றும் நடக்கவில்லை. ஏமாந்துவிட்டேனா?

ஒளிவட்டம்: எந்த கேமரா தம்பி? எந்த 50? நிக்கானில் 50 பல வகை.

கிளிக்_ரவி: லென்ஸின் பின்பக்கம் கேமராவைத் தொடும் உலோகப் புள்ளிகள், அதாவது காண்டாக்ட், அழுக்கு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடையுங்கள். என் மூன்று லென்ஸ் இப்படித்தான் சரியானது.

பழையகண்ணாடி: கையேடு என்று ஒன்று டப்பாவில் வரும், யாரும் பிரிப்பதில்லை. லென்ஸில் உள்ள அப்பர்ச்சர் (ஒளி நுழையும் துளை) வளையத்தை 22க்குத் திருப்பிப் பூட்டுங்கள். கேமரா திரையிலேயே எழுதிக் காட்டியிருக்குமே.

ஒளிவட்டம்: ரவி, காண்டாக்ட் சரியில்லை என்றால் எஃப் என்ற எழுத்துக்குப் பக்கத்தில் இரண்டு கோடு வரும். இது வளையம்தான்.

மழைத்துளி: லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தீர்களா? கடற்கரை ஊர் லென்ஸ் என்றால் பூஞ்சை இருக்கும். மற்ற லென்ஸோடு ஒரே பையில் வைக்காதீர்கள், தொற்றிவிடும்.

பழையகண்ணாடி: தொற்றுவதற்கு அது என்ன சொறியா? பூஞ்சை வித்து காற்றில் எங்கும் உண்டு. வளர்ப்பது ஈரம்.

மழைத்துளி: இரண்டு லென்ஸைப் பறிகொடுத்தவன் நான். பாடம் வேண்டாம் சார்.

ஒளிவட்டம்: அந்த இரண்டும் ஒரே பையில், ஒரே ஈரத்தில்தானே கிடந்தன? சரி, செல்வா எங்கே?

முத்துநகர்_செல்வா: மண்டப வேலை, மன்னிக்கவும். கேமரா டி5600, லென்ஸ் 1.8டி. 22ல் பூட்டியதும் ஷட்டர் விழுகிறது. ஆனால் ஃபோகஸ் தானாக ஆகவில்லை. இதற்கும் வளையமா?

பழையகண்ணாடி: கேமராவை முதலிலேயே சொல்வதற்கென்ன? டி வகை லென்ஸில் மோட்டார் கிடையாது, பாடியில் உள்ள மோட்டார்தான் ஒரு திருகு வழியாக அதைச் சுழற்றும். டி7500ல் அது உண்டு, டி5600ல் இல்லை. வாங்கும் முன் கேட்டிருக்கலாம்.

ஒளிவட்டம்: லென்ஸ் நல்ல லென்ஸ்தான், கவலைப்படாதீர்கள். ஃபோகஸ் கட்டத்தை முகத்தில் வைத்து ஃபோகஸ் வளையத்தைக் கையால் திருப்புங்கள். வ்யூஃபைண்டரில் கீழே இடது பக்கம் பச்சைப் புள்ளி அசையாமல் எரிந்தால் அழுத்தலாம். அப்பர்ச்சர் 1.8ல் மூக்குக்கு ஃபோகஸ் விழுந்தால் கண் மங்கிவிடும், வளையம் 22லேயே இருக்கட்டும், கேமராவில் 2.8 அல்லது 4 வையுங்கள். அப்புறம் மெதுவாகப் பழையதிலேயே ஏஎஃப்-எஸ் 1.8ஜி தேடுங்கள். அதில் மோட்டார் உள்ளேயே இருக்கிறது.

கிளிக்_ரவி: எதற்கும் காண்டாக்டை ஒருமுறை துடைத்துவிடுங்கள்.

முத்துநகர்_செல்வா: பச்சைப் புள்ளி வருகிறது அண்ணா. பாட்டியை வைத்துப் பழகினேன், நாற்பதில் பத்து தேறியது. மோதிரம் மாற்றும்போது கேமராவோடு வந்த கிட் லென்ஸ்தான். நன்றி.