புதுப்பிப்பு: மரத்தில் இருந்த கேமரா யாருடையது?

அமெரிக்காவில் எங்கள் காட்டு நிலத்தில், மரத்தில் யாரோ கேமரா கட்டியிருந்ததைப் போன மாதம் எழுதியிருந்தேன். வேட்டைத் திருடர்கள் வேலை என்று நினைத்தேன். இல்லையாம், அரசு அலுவலர்கள் வைத்தது. லென்ஸை மறைத்த கிளைகளை வேறு நறுவிசாக வெட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்!

"வேலியும் பலகையும் இருக்கும்போது வாரண்ட் இல்லாமல் எப்படி வரலாம்?" என்று கேட்டிருந்தீர்கள். வரவே முடியாது என்று நானும் அடித்துச் சொன்னேன். தப்பு. அரசின் முறையற்ற சோதனையைத் தடுக்கும் அமெரிக்க அரசமைப்பின் நான்காவது திருத்தம் காப்பது ஆள், வீடு, தாள்கள், உடைமைகள் ஆகியவற்றைத்தான். திறந்த நிலம் அதில் சேராது என்பது 1924 ஹெஸ்டர் வழக்கிலிருந்தே உச்ச நீதிமன்றத்தின் நிலை. 1984 ஆலிவர் வழக்கில் பூட்டிய கேட்டும் எச்சரிக்கைப் பலகையும் இருந்தன. அப்படியும் நில உரிமையாளர் தோற்றார். வீட்டை ஒட்டிய சுற்றுப்புறத்துக்கு மட்டும் பாதுகாப்பு உண்டு. எங்கள் மரமோ வீட்டிலிருந்து பார்த்தால் கண்ணுக்கே தெரியாது.

மிச்சமிருப்பது மாநில அரசமைப்புதான்; ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி அரசமைப்பு உண்டு, அது கூடுதல் பாதுகாப்புத் தரலாம். டென்னசியில் வனவிலங்கு அலுவலர்கள் வாரண்ட் இன்றித் தனியார் நிலத்தில் நுழைந்தது செல்லாது என்று 2024-ல் அம்மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அங்கே அரசமைப்பில் 'உடைமை' என்பதற்கு இருக்கும் சொல் (possessions) நான்காவது திருத்தத்தின் சொல்லைவிட (effects) அகலமானது, பயன்பாட்டில் உள்ள நிலத்தையும் அணைத்துக்கொள்கிறது. ஒரு சொல்லில் இவ்வளவு இருக்கிறது!

எங்கள் மாநிலத்து வாசகத்தை வழக்கறிஞர் படித்துக்கொண்டிருக்கிறார். அவர் சொல்லும்வரை கேமராவைத் தொடப்போவதில்லை. அந்தப் பக்கம் போனால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடக்கிறேன், அவ்வளவுதான்.