வன்னியில் கேர்பி வீடியோ கேம் விளையாடியவர்கள் இருக்கிறீர்களா?

மாங்குளத்தான்:
போரால் மூடிக் கிடந்த கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 பாதை 2002இல் திறந்த பிறகு வெளிநாட்டுச் சொந்தங்கள் ஊருக்கு வரத் தொடங்கிய காலம். சுவிஸ் சித்தப்பா, தன் மகன் விளையாடி அலுத்துப்போன பழைய கேம் போய் (கையில் பிடித்து விளையாடும் கேம் பெட்டி) ஒன்றை எங்களிடம் தந்துவிட்டுப் போனார். அதற்குள் கிடந்தது ஒரே கேம், கேர்பிஸ் ட்ரீம் லாண்ட். 1992இல் வந்தது. கலர் இல்லை, திரையில் வெளிச்சமும் இல்லை, இரவில் விளக்கடியில் பிடித்துப் பார்த்தால் கண் நோகும், பகலில் வேம்படியில் இருந்தால்தான் வடிவாகத் தெரியும்.

ஆனால் அந்த உருண்டைப் பயல் கேர்பி! மற்றக் கேம்களில் கிடங்கைத் துள்ளித் தாண்டாவிட்டால் செத்தாய், திரும்பத் தொடங்கு என்பதுதான் கதை. இவன் காற்றை இழுத்து ஊதிக்கொண்டு பறந்தே போய்விடுவான், மேல் பொத்தானை அமத்தினால் சரி. எதிரியை உறிஞ்சி விழுங்கலாம், இல்லையென்றால் அடுத்தவன் மேல் துப்பலாம். முதல் கட்டத்தின் முடிவில் முகம் வைத்த மரம் ஒன்று ஆப்பிளாகக் கொட்டும், அந்த ஆப்பிளையே உறிஞ்சி அதன் மூஞ்சியில் துப்ப வேண்டும். ரிவி ரிமோட்டையே தொடாத எங்கள் அம்மம்மா அந்த மரத்தை வென்றவா (அவவுக்கு அது மாமரம்தான், கடைசிவரை). கேம் பழகாதவர்களும் முடிக்க வேண்டும் என்று நினைத்தே மசாஹிரோ சகுராய் இதைச் செய்தாராம், அப்போது அவருக்கு இருபதை ஒட்டிய வயது. கேர்பியே முதலில் தற்காலிகமாகக் கீறி வைத்த உருவம்தான், பிறகு பிடித்துப்போய் அப்படியே விட்டுவிட்டார்கள்.

மல்லாவி அக்கா:
தம்பி, பற்றரிக் கதையை விட்டுவிட்டீர்களே. போர்க்காலப் பொருளாதாரத் தடை இருந்தபோது பற்றரியை வன்னிக்குள் விடமாட்டார்கள், சைக்கிளைக் கவிழ்த்து டைனமோ சுற்றித்தான் றேடியோ கேட்டோம். பாதை திறந்த பிறகு நாலு பென்ரோச் பற்றரியை ஒரு விளையாட்டுச் சாமானுக்குப் போடுவதா என்று அப்பா பேசாத பேச்சில்லை. அதில் சேவ் பண்ணும் வசதியும் கிடையாது. ஆனாலும் ஐந்தே கட்டம் என்பதால், கை பழகிவிட்டால் பொழுதுபடமுன் கடைசி எதிரியான தெடேதே ராஜாவின் குத்துச்சண்டை மேடைக்குப் போய்விடலாம். பற்றரி செத்தாலும் பெரிய நட்டமில்லை.

முள்ளியவளையான்:
எனக்கென்றால் சப்பென்று இருந்தது. பறந்து தப்பலாம் என்றால் பிறகு என்ன விளையாட்டு? 1989இல் வந்த சூப்பர் மரியோ லாண்ட்தான் கேம். விழுந்தால் சாக வேணும், அப்பதான் கை நடுங்கும்.

மாங்குளத்தான்:
அண்ணை, தலைப்புத் திரையில் மேல் பொத்தான், ஏ, செலக்ட் மூன்றையும் சேர்த்து அமத்துங்கோ. எக்ஸ்ட்ரா கேம் வரும், அதில் எதிரிகள் வேறு மாதிரி. அந்த மரத்தடியிலேயே கை நடுங்கும். முடித்துவிட்டு வாங்கோ, பிறகு கதைப்பம்.