ரோம் என்று போட்டிருக்கும், கப்பல் நிற்பது வேறு ஊரில்

மத்தியதரைக் கடல் கப்பல் பயணத்தில் எந்த ஊர் பிடித்தது என்று கேட்டால் இத்தாலியின் நேப்பிள்ஸ், மால்டாவின் வலேட்டா என்றுதான் சொல்வேன். ரோம் மோசமில்லை. ஆனால் பயணத் திட்டத்தில் ரோம் என்று போட்டிருந்தாலும் கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியாவில், அங்கிருந்து ரோமுக்குச் சுமார் 70 கிலோமீட்டர். துறைமுகத்திலிருந்து பஸ், அப்புறம் ஸ்டேஷன், அப்புறம் ரயில் என்று போய்ச் சேர்ந்து கொலோசியம் முன்னால் நிற்கும்போதும் கண் கடிகாரத்தில்தான் இருக்கும். லிவோர்னோவில் இறங்கி ஃப்ளாரன்ஸ் போவதும் இதே கதைதான். கப்பல்காரர்கள் நடத்தும் டூரில் போனால் பஸ் தாமதமானாலும் பொதுவாகக் காத்திருப்பார்கள், நாமாகப் போய்த் தாமதமானால் கப்பல் கிளம்பிவிடும், அடுத்த துறைமுகத்துக்கு நம் செலவில் போக வேண்டியதுதான்.

நேப்பிள்ஸில் அந்தப் பதற்றமே இல்லை. இறங்கிக் கொஞ்சம் நடந்தால் காஸ்டெல் நுவோவோ கோட்டை, அதைத் தாண்டினால் ஊர். அம்மாவுக்கு மூட்டு வலி என்பதால் எரிமலையில் புதைந்துபோன பழைய பாம்பெய் நகரத்தை விட்டுவிட்டு சந்துகளில் மெதுவாகச் சுற்றினோம். ஒரு காபிக் கடையில் எல்லோரும் நின்றபடியே குடித்துவிட்டுப் போகிறார்கள் (அளவைப் பார்த்தால் நம் டபராவின் அடிகூட நனையாது). ஒருவர் ஒரு காபி குடித்துவிட்டு இரண்டுக்குக் காசு வைத்தார். கணக்குத் தப்பு என்று அம்மா பதறிப்போய் அவரைக் கூப்பிட, கடைக்காரர் சிரித்துக்கொண்டே, காசில்லாமல் யாராவது வந்தால் அந்த இரண்டாவது காபி அவருக்கு என்று பாதி ஆங்கிலமும் பாதி ஜாடையுமாக விளக்கினார். அந்த ஊரின் பழைய வழக்கமாம். அம்மாவும் ஒன்றுக்குக் காசு வைத்துவிட்டுத்தான் கிளம்பினார்.

வலேட்டாவுக்குக் கப்பல் காலையில் வந்தால் தூக்கத்தை விட்டுவிட்டு மேல்தளத்துக்குப் போய்விடுங்கள். கிராண்ட் ஹார்பரின் இரண்டு பக்கமும் தேன் நிறக் கல் கோட்டைகள், நடுவில் நம் கப்பல், சும்மா சொல்லக்கூடாது. கரையிலிருந்து மேல் பராக்கா தோட்டத்துக்கு லிஃப்ட் இருக்கிறது, அம்மா படியே ஏறவில்லை. அங்கே கீழ்த்தளத்தில் தினமும் மதியம் 12 மணிக்குப் பீரங்கி வெடிப்பார்கள். பெஞ்சில் பக்கத்தில் இருந்த உள்ளூர்ப் பாட்டி முன்கூட்டியே காதைப் பொத்திக் காட்டினார், அம்மா ஏதோ விளையாட்டு என்று சிரித்துக்கொண்டிருக்கும்போதே வெடித்துவிட்டது! மால்டாவில் ஆங்கிலமும் ஆட்சிமொழி என்பதால் அதற்கப்புறம் இருவரும் பேசினார்கள், பேசினார்கள், அப்படிப் பேசினார்கள். நாங்கள் சைவம் என்று தெரிந்ததும், பட்டாணி வைத்த பஸ்டிட்சி என்ற உள்ளூர்ப் பலகாரம் கிடைக்கும், ஆனால் சிலர் மாவில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள் என்று எச்சரித்ததும் அவர்தான்.