2023 டிசம்பர் 17 இரவு, தூத்துக்குடி மாவட்ட வெள்ளம்: உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

ஏரல் ஆற்றங்கரை:
அந்த இரவைப் பற்றி நம் பக்கத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கரண்ட் போய், டவரும் போய், மாடிப்படியில் உட்கார்ந்திருந்தோம். கீழே அடுப்படிக் கதவை யாரோ தட்டுகிற சத்தம், விட்டு விட்டு. அம்மா "யாருப்பா அது, மேல ஏறி வா" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். டார்ச் அடித்துப் பார்த்தால், காலி சிலிண்டர் மிதந்து வந்து கதவில் இடித்துக்கொண்டிருக்கிறது. எட்டாவது படி வரைக்கும் தண்ணீர். தாமிரபரணி அணையைத் திறந்ததால்தான் இவ்வளவும்.

காயல்பட்டினம்:
அண்ணாச்சி, அணையை மட்டும் சொல்லாதீர்கள். எங்கள் ஊரில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. மழை, திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. தேரி என்கிற செம்மணல் மேடும் பனையும் உடைமரமுமாகக் கிடக்கிற பூமி இது, வருஷம் முழுக்கச் சேர்த்தாலும் இங்கே 95 பெய்யாது. மலையில் பெய்தது, நடுவில் பெய்தது, கடைமடையிலும் பெய்தது, ஆறு கடலுக்குப் போவதற்குள் குளங்களெல்லாம் உடைப்பெடுத்துவிட்டன. கோடையில் கயிறு பத்தாமல் முடிச்சுப் போட்டு இறைக்கிற எங்கள் வீட்டுக் கிணற்றில் காலையில் குனிந்து கையாலேயே செம்பில் மொண்டேன். அது மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

ரயிலில் இருந்தவன்:
திருச்செந்தூரில் ஏறி ஸ்ரீவைகுண்டத்தில் மாட்டிக்கொண்ட கூட்டத்தில் நானும் ஒருவன். தண்டவாளத்துக்கு அடியில் மண்ணும் ஜல்லியும் போய், கம்பி மட்டும் அந்தரத்தில் தொங்கியது. ரயில் மேலே போயிருந்தால்? மறுநாள் புதுக்குடிக்காரர்கள் ஆக்கிக் கொடுத்த சோற்றை வாங்கும்போது என் கை நடுங்கியது. அவர்கள் வீட்டிலும் தண்ணீர்தானே.

கோரம்பள்ளம் பக்கம்:
குளம் உடைந்ததும் ஓடினோம், மாட்டை அவிழ்க்க மறந்துவிட்டோம். அவ்வளவுதான் என் கதை. அதனால் சொல்கிறேன், கேளுங்கள்: மழை இரண்டு மணி நேரம் விடாமல் கொட்டினால் முதலில் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள், மாடு மேடு தேடிப் போய்விடும். சிலிண்டரை ஜன்னல் கம்பியில் கட்டுங்கள். பத்திரம், ரேஷன் கார்டு, பெரியவர்களின் சுகர் மாத்திரை எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் பையில் கட்டி மேலே வையுங்கள். குடத்தில் குடிதண்ணீர் பிடித்து வையுங்கள், மோட்டார் ஓடாது. வடிந்த பிறகு வீட்டுக்குள் கம்பு இல்லாமல் கால் வைக்காதீர்கள், பாம்பு இருக்கும். மெயின் சுவிட்சை அணைக்காமல் ஈரச் சுவரைத் தொடாதீர்கள். குளத்துக் கரையில் நிற்காதீர்கள், மறுகாலில் (குளம் நிரம்பி வழிகிற இடத்தில்) தண்ணீர்ச் சத்தம் மாறினால் அப்போதே கிளம்பிவிடுங்கள்.

ஏரல் ஆற்றங்கரை:
சரி, எல்லாம் மேலே வை என்கிறீர்கள். மேல் என்று ஒன்று இல்லாத ஓட்டு வீட்டுக்காரர் எங்கே வைப்பார்? எங்கள் மாடியில் அன்று மூன்று குடும்பம் இருந்தது. நாலாவது வீட்டில் ஆச்சி மட்டும் தனியாக இருந்தார், கதவைத் தட்டுவது அவர்தான் என்று நினைத்துத்தான் அம்மா கூப்பிட்டார். அவரை மறுநாள் மத்தியானம் படகில்தான் கூட்டி வந்தார்கள், அதுவரை பரண் மேல் உட்கார்ந்திருந்திருக்கிறார்.