அட்வான்டேஜுக்கு 'சாதகம்' வேணாங்க, வேற சொல்லு குடுங்க

எல்லாருக்கும் வணக்கம். வலைப்பந்து, அதான் நெட்பால், அதோட விதிகளை நம்ம பிள்ளைகளுக்குப் புரியுற மாதிரி தமிழ்ல எழுதிக்கிட்டு இருக்கேன்னு சொல்லியிருந்தேன்ல, பாதிக்கு மேல ஓடிருச்சு, இப்ப அட்வான்டேஜ்ல, அதான் தப்பு நடந்தும் அம்பயர் விசில் அடிக்காம ஆட்டத்த விட்டுறதுல, வந்து முட்டிக்கிட்டு நிக்கிறேன்.

அதுக்கு முன்னாடி அப்ஸ்ட்ரக்‌ஷன் கதைய சொல்லிர்றேன். பந்து வச்சிருக்கவ ஊன்றி நிக்கிற காலுக்கும் மறிக்கிறவ காலுக்கும் நடுவுல 0.9 மீட்டர் இருக்கணும், நம்ம கணக்குல மூணடி, அதுக்குள்ள வந்து கையத் தூக்குனா தப்பு. இதுக்கு 'தடுப்பு'ன்னுதான் முதல்ல போட்டேன், ஒரு பிள்ள கேட்டுச்சு பாருங்க, "தடுக்கத்தான சார் எங்கள நிக்க வச்சிருக்கீங்க?"ன்னு. நியாயந்தான. தூரம் குறைஞ்சாத்தான் தப்பு, தடுக்கிறது தப்பில்ல. அதனால 'மூணடிக் குத்தம்'னு மாத்திட்டேன், இப்ப யாருக்கும் சந்தேகமே வரல, அவங்களே காலால அளந்து பாத்துக்கிறாங்க.

அட்வான்டேஜ் அப்படி லேசுல மசியல. கோல் வட்டத்து ஓரத்துல விங் அட்டாக் (ஷூட்டருக்குப் பந்து குடுக்கிறவ) கையில பந்து, விங் டிபென்ஸ் (அவள மறிக்கிறவ) மூணடிக்குள்ள புகுந்து கைய நீட்டிட்டா, ஆனா பந்து அதையும் தாண்டிப் போயி கோல் கம்பத்துக்கு அடியில தனியா நிக்கிற ஷூட்டர் கைக்கு வந்துருச்சுன்னு வைங்க. இப்ப நான் விசில் அடிச்சா என்னாகும், ஆட்டம் நிக்கும், அங்கிட்டு எங்கயோ இருந்த கோல் கீப்பர் நிதானமா நடந்து வந்து ஷூட்டர் முன்னாடி நின்னுக்குவா. தப்பு பண்ணுன டீமுக்கு நானே ஒத்தாசை பண்ணுன கணக்கு. அதனால விசில அடிக்காம கையக் காட்டி, வாயாலயும் ஒரு வார்த்தை சொல்லிட்டு ஆட்டத்த விட்டுறணும். அந்த ஒரு வார்த்தைதான் இப்ப எனக்கு வேணும்.

அகராதியில 'சாதகம்'னு இருக்கு. மேலூர்ப் பக்கம் ஒரு மேட்ச்ல அதையே சொல்லிப் பாத்தேன். ரெண்டு அம்பயர், ஆளுக்குப் பாதிக் கோர்ட், அங்கிட்டு நின்ன அம்பயர் மேடம் "அட்வான்டேஜ்"னு கத்துனாங்க, ஒருத்தரும் திரும்பிக்கூடப் பாக்கல. நான் இங்கிட்டு "சாதகம்"னேன், வேலியோரம் நின்ன ஒரு பெருசு, "கேட்டுக்கங்கப்பா, அம்பயரே ஒத்துக்கிட்டாரு, அவுங்களுக்குச் சாதகமாத்தான் ஊதுறாராம்"னு ஆரம்பிச்சுட்டாரு. இன்னொருத்தரு என் ஜாதகத்தையே இழுத்தாரு. 'அனுகூலம்'னா ராசிபலன் மாதிரி இருக்கு, 'ஆதாயம்'னா வட்டிக்கடை.

எனக்குத் தோணுறது 'விட்டுப்பிடி'. நம்ம ஊர்ல எல்லாரும் சொல்றதுதான, "கொஞ்சம் விட்டுப்பிடிப்பா"ன்னு. என்ன சொல்றீங்க?

– பி.டி. வாத்தியார், உசிலம்பட்டிப் பக்கம்

---

> எனக்குத் தோணுறது 'விட்டுப்பிடி'

தம்பி, சொல்லு அழகாத்தான் இருக்கு, ஆனா கோர்ட்டுல நின்னு "பிடி"ன்னு கத்துனா எந்தப் பிள்ளையாவது பந்தப் பிடிக்கச் சொல்றீங்கன்னுதான நினைக்கும்? அதுவும் மூணு செகண்டுக்குள்ள பந்தை விட்டாகணும்கிற ஆட்டத்துல!

இன்னொண்ணு, விட்டுப்பிடிக்கிறதுன்னா அப்புறமா வந்து பிடிப்போம்னு அர்த்தம் வருது. நீங்க விட்டது விட்டதுதான, திரும்பி வந்து அந்தத் தப்புக்கு விசில் அடிக்கப் போறதில்லையே. என்னைக் கேட்டா 'விட்டுவைப்பு'ம்பேன். "போனாப் போகுதுன்னு விட்டுவச்சேன்"னு சொல்றோம்ல, தப்பு தெரிஞ்சுதான் விட்டுருக்கோம்கிறது அதுலயே இருக்கு.

ஆனா இது ஏட்டுக்கு மட்டுந்தான். புத்தகத்துல இருக்க பேரும் அம்பயர் வாயில வர்ற கூவலும் ஒண்ணா இருக்கணும்னு ஏன் பிடிவாதம்? கூவுறதுக்கு "போகட்டும்"னு வச்சுக்கங்க. இலங்கைப் பக்கம் வலைப்பந்தாட்டம் நம்மளவிட ரொம்ப வேரூன்றுனது, யாழ்ப்பாணத்துப் பிள்ளை தர்ஜினி சிவலிங்கம் அந்த நாட்டு டீமுக்கே ஷூட்டரா ஆடுனவங்க, 2018ல ஆசியக் கோப்பையே வாங்குனாங்க. அந்தப் பக்கத்து ஆளுக யாராவது குழுவுல இருந்தா கோர்ட்டுல என்ன கத்துவாங்கன்னு சொல்லுங்கப்பா.

– தமிழம்மா, மதுரை

---

அக்கா, 'விட்டுவைப்பு' எழுதியாச்சு, அதுல மறுபேச்சே இல்ல. மூணு நாளா அதையே சொல்லிச் சொல்லிப் பாக்குறேன், நல்லா உக்காருது.

"போகட்டும்"தான் இன்னைக்குச் சாயங்காலம் பிராக்டீஸ்ல கவுந்துருச்சு. பெல் அடிக்கிற நேரம் வேற, நான் "போகட்டும்"னதும் பெஞ்சுல இருந்த ரெண்டு பிள்ளைக பையத் தூக்கிருச்சுக, கோல் கீப்பர் "வீட்டுக்கா சார்?"னு கேக்குறா, அதுக்குள்ள அந்தப் பக்கம் கோலே விழுந்துருச்சு. அப்புறம் "ஓடட்டும்"னு மாத்திக் கத்துனேன். ஆட்டம் நிக்கல. நாலு தடவை சொன்னேன், நாலு தடவையும் ஓடுச்சு. அதனால கூவலுக்கு "ஓடட்டும்"னு வச்சுக்கலாம்னு இருக்கேன், மறுப்பு இருந்தா ஞாயித்துக்கிழமைக்குள்ள எழுதுங்க, திங்கக்கிழமை ஜெராக்ஸ் போடணும்.

அடுத்தது காண்டாக்ட். 'தொடுகை'ன்னா லேசா பட்டாலே தப்புன்னு ஆயிரும், ஆனா பட்டதுனால அடுத்தவ ஆட்டம் கெட்டாத்தான் விசில். 'இடிப்பு'ன்னா வேணும்னே இடிச்ச மாதிரி இருக்கு, தெரியாம பட்டு ஆட்டம் கெட்டாலும் விசில் உண்டே. ரெண்டுக்கும் நடுவுல ஒரு சொல்லு யாருகிட்டயாவது இருக்கா?